பட்டன்வில் விமான நிலையம் மூடப்பட்டதும் அந்தக் காணியின் எதிர்காலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள மார்க்கம் நகரில் 404 நெடுஞ்சாலையும் 16ஆம் அவெனியூவும் சந்திக்கும் இடத்தில் இருந்த பட்டன்வில் விமான நிலையம் பற்றி, கோவில் மண்டபத்திலும் மரக்கறிக் கடை வரிசையிலும் ஒரே கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. மாநகரசபையின் திட்டமிடல் கூட்டங்களுக்குப் போய்வருபவன் என்று தெரிந்தவர்கள் மறித்துக் கேட்கிறார்கள். நின்ற நிலையில் சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து ஆறுதலாக எழுதியிருக்கிறேன்.

1. பட்டன்வில் எயார்போர்ட் உண்மையிலேயே பூட்டியாச்சோ, இல்லை முந்தின மாதிரிக் கதை மட்டும்தானோ?

பூட்டியாயிற்று. 2023 நவம்பர் 30 அதன் கடைசி நாள். அதற்குப் பிறகு அங்கே விமானம் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது.

சந்தேகம் வருவதில் நியாயம் இருக்கிறது. காணியை மாற்றிக் கட்டப் போகிறோம் என்ற அறிவிப்பு 2010 ஒக்டோபரிலேயே வந்தது. அதன் பிறகு மூடும் திகதி பல தடவை தள்ளிப் போனது. "அடுத்த வருசம் பூட்டுகினம்" என்று பதின்மூன்று ஆண்டுகள் கேட்டுக் கேட்டுச் சனம் நம்பாமல் விட்டது. அந்த இழுபறியில்தான் பலர் இந்தக் காணியைக் கவனிப்பதையே நிறுத்தினார்கள். எனக்கு இன்னமும் கவலை தருவது அதுதான்.

2. பேரிலேயே "முனிசிப்பல்" எண்டு இருக்கே. அப்ப சிட்டியின்ரை சொத்தெல்லோ?

இல்லை. "பட்டன்வில் முனிசிப்பல் எயார்போர்ட்" என்பது பெயர் மட்டும். காணியும் நிலையமும் தனியாருடையவை. 1953இல் புல்தரை ஓடுபாதையாகத் தொடங்கி, 1962இல் முறையான விமான நிலையமானது. பிறகு சிஃப்டன் குடும்பத்தின் கைக்கு வந்து, அவர்களுடைய ரொறன்ரோ எயார்வேய்ஸ் நிறுவனம் பல பத்தாண்டுகள் நடத்தியது.

2010இல் அந்தக் குடும்பத்தின் ஆமடேல் நிறுவனமும் கடிலாக் ஃபெயர்வியூ நிறுவனமும் சேர்ந்த கூட்டு முயற்சிக்குக் காணி விற்கப்பட்டது. கடிலாக் ஃபெயர்வியூ என்றால் ரொறன்ரோ ஈற்றன் சென்ரரை வைத்திருக்கும் அதே நிறுவனம். அதன் சொந்தக்காரர் ஒன்ராறியோ ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியம். உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியருடைய ஓய்வூதியமும் இந்தக் காணியின் பெறுமதியும் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இது யாருடைய காணி என்பதை முதலில் விளங்கிக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

3. தனியார் எயார்போர்ட் எண்டால் பணக்காரரின்ரை சொந்த பிளேன் வந்து போறதுக்குத்தானே? எங்களுக்கு அதாலை என்ன?

சொந்த விமானங்களும் வணிக ஜெட்களும் வந்தது உண்மைதான். ஆனால் அங்கே அதிகம் பறந்தவை பயிற்சி விமானங்கள். காலையில் 404 வழியாக வேலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்: இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னச் செஸ்னா தாழ வந்து, சில்லு நிலத்தில் முட்டி முட்டாமல் மறுபடியும் மேலெழும்பி, ஒரு வட்டம் அடித்து அதே இடத்துக்கு வரும். இறங்கப் பழகும் மாணவர் அவர். நாட்டிலேயே பரபரப்பான பறப்புப் பயிற்சிப் பள்ளிகளில் சில அங்கே இருந்தன. 2006இல் விமானம் ஏறி இறங்கும் எண்ணிக்கையில் கனடாவில் பதினோராவது இடம் பட்டன்வில்லுக்கு. ஏறத்தாழ 3,900 அடி ஓடுபாதை கொண்ட ஒரு சின்ன இடம் அது.

யோர்க் பிராந்தியப் பொலிசின் ஹெலிகொப்டரும் வானொலி, தொலைக்காட்சிகளின் போக்குவரத்து நிலவரம் சொல்லும் விமானங்களும் அங்கிருந்துதான் கிளம்பின. மார்க்கத்தின் வெப்பநிலை என்று செய்தியில் சொன்னதும் அங்கே இருந்த வானிலை நிலையத்தின் அளவைத்தான். அமெரிக்காவிலிருந்து சிறு விமானத்தில் வருபவர்களுக்கு எல்லைச் சேவை அதிகாரிகளின் சோதனையும் அங்கேயே நடந்தது.

4. நல்லா ஓடின இடத்தை ஏன் பூட்டினவை? நட்டமோ?

ஒரு சிறு விமான நிலையத்தின் வருமானம் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். விமானம் நிறுத்த வாடகை, எரிபொருள் விற்பனை, கட்டட வாடகை, இறங்கு கட்டணம். பயணச்சீட்டு விற்பனை கிடையாது. செலவோ பெரிய நிலையத்தைப் போலவே வரும்: பனி தள்ள வேண்டும், ஓடுபாதைக்குத் தார் போட வேண்டும், விளக்குகள் எரிய வேண்டும், காப்புறுதி கட்ட வேண்டும். ரொறன்ரோவின் பெரிய விமான நிலையமான பியர்சனின் நெரிசலைக் குறைக்கும் துணை நிலையம் என்பதற்காக ரொறன்ரோ பெரும்பாக விமான நிலைய அதிகாரசபை பட்டன்வில்லுக்கு ஒரு மானியம் கொடுத்துவந்தது. அது 2009இல் நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே காணி கைமாறியது.

ஆனால் மானியம் நின்றதை மட்டும் காரணமாகச் சொல்வது பாதிக் கதை. 170 ஏக்கர். பக்கத்தில் 404, கொஞ்சம் தெற்கே 407. 1953இல் சுற்றிவரத் தோட்டக் காணி. இன்று அலுவலகங்களும் வீடுகளும். அப்படியான இடத்தில் விமானம் இறக்கி எடுக்கும் பணம், காணியின் விலைக்குக் கிட்டவும் வராது. எவ்வளவு திறமாக நடத்தினாலும் அந்தக் கணக்கு மாறியிருக்காது என்பது என் எண்ணம்.

விற்ற பிறகு சரிவு தானாக வந்தது. மூடப்போகும் இடத்தில் யார் முதலிடுவார்? செனெக்கா கல்லூரி தன் விமானப் பயிற்சியை 2014இல் பீற்றர்பரோவுக்குக் கொண்டுபோனது. பறப்புகள் குறைய, வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நாவ் கனடா நிறுவனம் 2019 தொடக்கத்தில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை மூடியது. பிறகு விமானிகள் ஒருவரோடொருவர் வானொலியில் சொல்லிக்கொண்டுதான் இறங்கினார்கள்.

5. ஒரு பிளேன் கட்டடத்துக்கு மேலை விழுந்ததே. அந்த ஆபத்தாலைதானே பூட்டினவை?

விபத்து நடந்தது உண்மை. 2010 மே 25இல், ஏறிய சிறிது நேரத்தில் ஒரு சிறு விமானம் பக்கத்தில் இருந்த வணிகக் கட்டடத்தின் கூரையில் விழுந்து, அதில் இருந்த இருவரும் இறந்தார்கள். அந்தப் பகுதியில் வேலை செய்த பலருக்கு இன்னமும் அது மனதில் நிற்கிறது.

ஆனால் நிலையம் மூடப்பட்டதற்கு அது காரணம் அல்ல. காரணம் 4ஆம் பதிலில் உள்ளது. விமானங்கள் வட்டமடிக்கும் வழியில் கட்டடம் கட்ட அனுமதி கொடுத்துக்கொண்டே போய், பிறகு விமான நிலையம் ஆபத்து என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. நிலையம் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது.

6. இவ்வளவு பெரிய விசயத்துக்கு அரசாங்கத்தின்ரை அனுமதி வேண்டாமோ? நினைச்ச உடனை பூட்டலாமோ?

கனடாவில் விமானப் போக்குவரத்து மத்திய அரசின் அதிகாரம். விமான நிலையத்தை நடத்தத்தான் மத்திய அரசின் சான்றிதழ் வேண்டும். நடத்தாமல் விடுவதற்கு அல்ல. தனியார் உரிமையாளர் உரிய அறிவித்தல் கொடுத்து, விமானிகளின் வழிகாட்டி ஏடுகளில் மாற்றம் செய்வித்து, நிறுத்திக்கொள்ளலாம். மார்க்கம் மாநகரசபைக்கோ மாகாணத்துக்கோ "நடத்தத்தான் வேண்டும்" என்று சொல்லும் அதிகாரம் இருக்கவில்லை. மேயரைத் திட்டியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்திய அரசின் உதவிப் பணம் வாங்கிய நிலையங்களை ஒப்பந்தப்படி பல ஆண்டுகள் திறந்து வைத்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் சிக்காகோவில் 2003 மார்ச் 30 இரவு, மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் மெய்க்ஸ் ஃபீல்ட் விமான நிலையத்தின் ஓடுபாதைக்குள் புகுந்து பெரிய எக்ஸ் வடிவில் கிண்டி எறிந்தன. முன்னறிவித்தல் கொடுக்காததற்காக 33,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. நிலையம் திரும்ப வரவில்லை. இப்போது அங்கே பூங்கா. இதோடு ஒப்பிட்டால் பட்டன்வில்லில் எல்லாம் சட்டப்படி, முன்னறிவித்தலோடு நடந்தது. வருத்தம் வேறு, முறைகேடு வேறு.

7. பிறகு திரும்பத் திறக்கச் சான்ஸ் இருக்கோ?

இல்லையென்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய ஓடுபாதையில் எக்ஸ் குறி போட்டபின் அது விமானிக்கு வெறும் தார்த் தரை. நகரத்துக்குள் ஒரு விமான நிலையத்தைப் புதிதாகத் தொடங்க இன்று யாராலும் முடியாது. இருந்ததை இழந்தால் இழந்ததுதான்.

8. மகன் பைலட் ஆகோணும் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறான். பட்டன்வில் இல்லாட்டில் எங்கை விடுறது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, கேட்பவர்கள் பெரும்பாலும் அம்மாமார். ஒஷாவா, பீற்றர்பரோ, பிராம்ப்டன், பரி நகருக்குப் பக்கத்தில் லேக் சிம்கோ ஆகிய இடங்களில் சிறு விமான நிலையங்கள் இருக்கின்றன. பட்டன்வில்லில் இருந்தவர்கள் பெரும்பாலும் இப்படிப் பிரிந்துதான் போனார்கள். மார்க்கத்தின் கிழக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒஷாவா வசதி. பட்டப்படிப்போடு சேர்த்துப் படிக்க விரும்பினால் செனெக்காவின் பறப்புப் பயிற்சி பீற்றர்பரோவில் நடக்கிறது. அதற்கு மார்க்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட வேண்டும்.

மாணவ விமானி அனுமதிக்குக் குறைந்த வயது 14, தனியார் விமானி உரிமத்துக்கு 17. தனியார் உரிமத்துக்குக் குறைந்தது 45 மணி நேரம் பறக்க வேண்டும். பலருக்கு அதைவிடக் கூடவே பிடிக்கும். வேலைக்குப் போவதற்கான வணிக உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம். காற்றும் மேகமும் பொருந்தாத நாளில் பறக்க விடமாட்டார்கள். பத்து நிமிடத்தில் போய்வரக்கூடிய இடமென்றால் வகுப்பு நிறுத்தப்பட்டாலும் பெரிய நட்டம் இல்லை. ஒஷாவாவுக்கோ பீற்றர்பரோவுக்கோ போய்த் திரும்பினால் ஒரு நாள் போய்விடும்.

பட்டன்வில்லில் நாங்கள் இழந்தது இதைத்தான். பாடசாலை விட்டபின் பேருந்தில் போய்ப் பறக்கப் பழகக்கூடிய இடம் அது. கார் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஒஷாவா மிகத் தூரம். பணமுள்ள வீட்டுப் பிள்ளை எப்படியும் பழகும். வேலை செய்து சேர்த்த காசில் ஒரு மணி, இரண்டு மணியாகப் பறக்க நினைத்த பிள்ளைக்குத்தான் வழி அடைபட்டது.

9. அவசரத்துக்கு வாற ஹெலிகொப்டர் இனி வராதோ?

வரும். ஹெலிகொப்டருக்கு ஓடுபாதை தேவையில்லை. தரிப்பிடத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் தளங்களுக்கும் பட்டன்வில்லுக்கும் தொடர்பில்லை.

10. ஹைவே 48 பக்கம் இப்பவும் பிளேன் இறங்குதே. பிறகென்ன பூட்டினது எண்டு சொல்லுறியள்?

அது வேறு இடம். மார்க்கத்தின் வடக்கே, 48ஆம் நெடுஞ்சாலையோரம் ஒரு மிகச் சிறிய தனியார் ஓடுபாதை இருக்கிறது. அதன் பெயர் மார்க்கம் எயார்போர்ட். பட்டன்வில்லின் வேலையைச் செய்யும் அளவு அதற்கு இல்லை.

11. சரி, அந்தக் காணியிலை என்ன கட்டப் போகினம்? வீடோ?

2010இல் சொன்ன திட்டத்தில் எல்லாம் இருந்தது: அலுவலகக் கோபுரங்கள், கடைகள், ஹோட்டல், குடியிருப்பு. ஒரு சின்ன நகர மையம் வரப்போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நிலையம் மூடப்படும் காலத்தில் உரிமையாளரின் போக்கு மாறிவிட்டது. இப்போது பேச்சு வேலைவாய்ப்பு நிலம் பற்றியது: தொழிற்கூடங்கள், களஞ்சியங்கள், அவற்றோடு சேர்ந்த அலுவலகங்கள்.

ஏன் மாறியது என்பதற்கு என் விளக்கம் இது. கோவிட்டுக்குப் பிறகு அலுவலகக் கட்டடங்களுக்கு வாடகைக்காரர் பிடிப்பதே பாடு. இணையத்தில் சாமான் வாங்கும் பழக்கத்தால் பெரிய களஞ்சியத்துக்கு நெடுஞ்சாலையோரக் காணி கிடைக்காமல் திரிகிறார்கள். ஓய்வூதியப் பணத்தை முதலிட்டவர் எந்தப் பக்கம் போவார் என்பது சொல்லாமலே விளங்கும்.

12. வீடில்லாமல் சனம் தவிக்குது. 170 ஏக்கரிலை வேர்ஹவுஸ் போடுறது அநியாயமெல்லோ?

கேள்வியின் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒன்ராறியோ திட்டமிடலில் "வேலைவாய்ப்புப் பகுதி" என்று குறித்த நிலத்தை வீட்டு நிலமாக மாற்றுவது இலகுவில்லை. காரணம், வீட்டு நிலத்துக்கு விலை கூட என்பதால் மாற்ற விட்டால் எல்லோரும் மாற்றிவிடுவார்கள். பிறகு வேலைக்குப் போக எல்லோரும் 404இல் தெற்கே ஓட வேண்டியதுதான். வணிக, தொழிற் கட்டடங்களின் சொத்துவரி விகிதம் வீட்டைவிட அதிகம் என்பதால் மாநகரசபைக்கும் அவை வேண்டும்.

என் நிலைப்பாட்டைக் கேட்டால், வேலைத்தளங்கள் வருவதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஏக்கருக்குச் சில பேர் மட்டும் வேலை செய்யும் தானியங்கிக் களஞ்சியத்துக்கும், நூற்றுக்கணக்கானோர் கைத்தொழிலோ ஆய்வோ செய்யும் கட்டடத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சட்டத்தில் இரண்டும் "வேலைவாய்ப்பு" என்ற ஒரே பெட்டிக்குள் வரும். எத்தனை வேலை, எத்தனை பாரவண்டி, எந்த நேரத்தில் என்று கேட்பதுதான் எங்கள் பொறுப்பு.

13. பெரிய பார்க் ஆக்கச் சொல்லிக் கேட்கேலாதோ? ஜேர்மனியிலை அப்பிடிச் செய்தவையாமே?

பெர்லினில் டெம்பல்ஹோஃப் நிலையம் 2008இல் மூடப்பட்டு, 2010இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2014இல் அங்கே கட்டடம் வேண்டாம் என்று மக்கள் வாக்களித்தார்கள். அது பொதுக் காணி, அதனால் மக்கள் முடிவு செய்தார்கள். எட்மன்டனின் நகர மைய விமான நிலையமும் மாநகரத்தின் சொத்து. 2013 நவம்பரில் மூடி, பிளாட்ச்ஃபர்ட் என்ற பெயரில் 30,000 பேர்வரை குடியிருக்கும் பகுதியாக மாநகரசபையே கட்டிவருகிறது. பட்டன்வில்லில் அந்த வழி இல்லை. 2ஆம் பதிலைப் பாருங்கள்.

தனியார் காணியிலிருந்து பூங்காவுக்கு எவ்வளவு கேட்கலாம் என்பதைத் திட்டமிடல் சட்டம் அளந்து வைத்திருக்கிறது. வணிக, தொழிற் கட்டடம் என்றால் காணியின் 2 சதவீதம். குடியிருப்பு என்றால் அடிப்படையாக 5 சதவீதம். 170 ஏக்கருக்கும் கணக்குப் பார்த்தால் 2 சதவீதம் ஏறத்தாழ மூன்றரை ஏக்கர். காணிக்குப் பதிலாகப் பணம் வாங்கவும் மாநகரசபைக்கு அதிகாரம் உண்டு. "பணம் வேண்டாம், காணியாகவே வாங்குங்கள், நடைபாதையோடு இணையுங்கள்" என்று கேட்பது நடக்கக்கூடிய கோரிக்கை. 170 ஏக்கரும் பூங்காவாக வேண்டும் என்பது நடக்காது. அதைக் கேட்டு எங்கள் குரலை வீணாக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

காணியை வைத்திருப்பவர் மனம் வைத்தால் செய்யலாம் என்பதற்கு ரொறன்ரோவிலேயே உதாரணம் இருக்கிறது. விமானம் கட்டும் பொம்பார்டியர் நிறுவனம் வைத்திருந்து 2018இல் ஒரு ஓய்வூதிய நிதியத்துக்கு விற்ற டவுன்ஸ்வியூ நிலையம் 2024இல் மூடப்பட்டது. அதன் நீண்ட ஓடுபாதையை மக்கள் நடந்து திரியும் இடமாக வைத்துக்கொண்டு சுற்றிவரக் கட்டுவதுதான் அங்குள்ள திட்டம்.

14. எழுபது வருசமாப் பெற்றோல் ஊத்தின நிலம். நஞ்சில்லையோ?

நல்ல கேள்வி, கேட்பவர்கள் குறைவு. சிறு விமானங்களின் பிஸ்டன் இயந்திரங்களுக்கு ஊற்றும் எரிபொருள் 100 எல்எல். அதில் இன்றைக்கும் ஈயம் சேர்க்கிறார்கள். கார்ப் பெற்றோலில் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எரிபொருள் தாங்கிகள், பழுதுபார்க்கும் இடங்கள், பனி உருக்கும் இரசாயனங்கள் எல்லாம் எந்த விமான நிலையத்திலும் பார்க்க வேண்டியவை. ரூஜ் ஆற்றின் நீர்வழிகள் பக்கத்திலேயே ஓடுவதால் இங்கே அது இன்னும் முக்கியம்.

ஒன்ராறியோவின் 153/04 ஒழுங்குவிதிப்படி, தொழில் அல்லது வணிக நிலத்தை வீடு, பூங்கா போன்ற பாவனைக்கு மாற்றும்போது, மண்ணும் நிலத்தடி நீரும் சோதித்து "நிலத்தின் நிலை" பற்றிய பதிவு ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். தொழிற் பாவனையிலிருந்து தொழிற் பாவனைக்கே போனால் அது கட்டாயம் இல்லை. ஆகவே, களஞ்சியம் வருகிறது என்றால் மண் சோதனையை நாங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பூங்காவாகப் பிரித்துக் கொடுக்கும் துண்டுக்குப் பதிவு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

15. சத்தம் நிண்டிட்டுது. எங்கட வீட்டு விலை ஏறுமோ?

விமானச் சத்தம் நின்றது நல்லது. குடியிருப்பைத் தடுத்ததும் அந்தச் சத்தம்தான்: விமான இரைச்சலை அளக்கும் கணிப்பு எண் 30ஐத் தாண்டும் இடத்தில் புதிய வீடு கட்ட ஒன்ராறியோவில் விடுவதில்லை. அந்த வரம்பு இனி அங்கே பொருந்தாது.

ஆனால் விலை ஏறும் என்று சொல்லி வீடு விற்கும் முகவரிடம், பக்கத்தில் வரப்போவது என்ன என்று திருப்பிக் கேளுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பின்பக்கமாகப் பீப் பீப் என்று ஒலித்துக்கொண்டு வரும் பாரவண்டியின் சத்தம், பகலில் வட்டமடித்த செஸ்னாவின் சத்தத்தைவிட நித்திரையைக் கெடுக்கும். ஏற்றி இறக்கும் வாசல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன, ஒலித்தடுப்புச் சுவர் உண்டா என்பவைதான் உங்கள் வீட்டின் விலையைத் தீர்மானிக்கும்.

16. எயார்போர்ட் இல்லைத்தானே. இனி சுத்திவர எவ்வளவு உயரத்துக்கும் கட்டலாமோ?

அவசரப்பட வேண்டாம். பட்டன்வில்லைச் சுற்றி விமானங்களுக்காகக் கட்டட உயரத்தை மட்டுப்படுத்தும் மத்திய ஒழுங்குவிதி ஒன்று இருந்தது. நிலையத்தை மூடுவதும் ஒழுங்குவிதியை நீக்குவதும் இரண்டு தனி வேலைகள். அதோடு எந்தக் காணியில் என்ன, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் மாநகரசபையின் வலயச் சட்டம் எப்போதும்போல உங்கள் காணியில் இருக்கும். எதையும் கட்டுமுன் மாநகரசபைத் திட்டமிடல் பகுதியில் விசாரியுங்கள்.

17. பிக்கரிங்கிலை பெரிய எயார்போர்ட் வருகுதாமே. அது வந்தால் சரிதானே?

வராது. மத்திய அரசு 1972இல் விமான நிலையத்துக்கென்று பிக்கரிங் பக்கம் 18,600 ஏக்கர் காணியை மக்களிடமிருந்து கட்டாயமாக எடுத்தது. இலங்கையில் இராணுவம் காணி பிடித்த வலிகாமம் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு, காணியை இழந்த அந்தக் குடும்பங்களின் மனநிலையை விளக்கத் தேவையில்லை. அரை நூற்றாண்டு கடந்து, 2025 ஜனவரியில், அன்றைய போக்குவரத்து அமைச்சர் அனிதா ஆனந்த், அங்கே விமான நிலையம் கட்டப்போவதில்லை என்று அறிவித்தார். பட்டன்வில் மூடினால் பிக்கரிங் வேண்டும் என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். இப்போது இரண்டும் இல்லை.

அதனால் மிஞ்சியிருக்கும் நிலையங்களின்மேல் பாரம் கூடுகிறது. ஒஷாவாவில் பயிற்சி விமானங்களின் சத்தத்துக்கு எதிராகக் குடியிருப்பாளர்கள் குரல் கொடுத்துவருகிறார்கள். அவர்களும் சொல்வது நியாயம்தான்.

18. எங்களுக்குக் கடிதம் ஒண்டும் வரேல்லையே. அப்ப எங்களுக்குச் சொல்லுற உரிமை இல்லையோ?

உரிமை இருக்கிறது. வலய மாற்ற விண்ணப்பத்துக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அறிவித்தல், காணியிலிருந்து 120 மீற்றருக்குள் இருப்பவர்களுக்கானது. இரண்டு தெரு தள்ளி இருந்தால் கடிதம் வராமலே போகலாம். ஆனால் பொதுக் கூட்டத்தில் பேசவோ எழுதிக் கொடுக்கவோ யாருக்கும் தடையில்லை. அறிவித்தலுக்கும் கூட்டத்துக்கும் இடையில் பொதுவாகக் குறைந்தது 20 நாட்கள் இருக்க வேண்டும்.

காணியோரம் பெரிய அறிவித்தல் பலகை நாட்டியிருந்தால் நின்று படியுங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டாம்; விண்ணப்பக் கோப்பு இலக்கத்தைக் கைபேசியில் படம் எடுங்கள். அந்த இலக்கம் இருந்தால்தான் மாநகரசபையில் போக்குவரத்து அறிக்கை, இரைச்சல் அறிக்கை, மண் அறிக்கை என்று கேட்டு வாங்கலாம். அதே இலக்கத்தைப் போட்டு, முடிவை எனக்கு அறிவியுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு அறிவிக்க மாட்டார்கள்.

19. எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. மைக்குக்கு முன்னாலை நிண்டு என்னெண்டு கதைக்கிறது?

கதைக்க வேண்டியதில்லை, எழுதிக் கொடுக்கலாம். ஐந்து வரி போதும்: பெயர், வீடு இருக்கும் தெரு, கோப்பு இலக்கம், எது பிரச்சினை, என்ன மாற்றம் வேண்டும். "திட்டத்தை எதிர்க்கிறேன்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் ஒரு எண்ணிக்கையாகப் போய்விடும். "16ஆம் அவெனியூ வாசலால் பாரவண்டி வரக்கூடாது, 404 பக்கத்தால் வரட்டும்" என்று எழுதினால் திட்ட அலுவலர் அதற்குப் பதில் எழுத வேண்டிவரும். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் எழுதுவதற்கு உதவும். இலக்கணப் பிழைக்காக யாரும் கடிதத்தை ஒதுக்குவதில்லை.

20. முதல்லை கட்டட்டும், பிறகு பிழை எண்டால் வழக்குப் போடலாம்தானே?

இப்படி நினைத்திருப்பவர்களுக்காகவே இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். முன்பு, மாநகரசபை வலய மாற்றத்தை ஏற்றுக்கொண்டால், கருத்துச் சொன்ன அயலவர் ஒன்ராறியோ காணித் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்ய முடிந்தது. 2024 ஜூனில் சட்டமான 185ஆம் மசோதா அந்த வழியைச் சாதாரண அயலவருக்கு அடைத்துவிட்டது. விண்ணப்பதாரர், அரச அமைப்புகள், அந்த மாற்றத்துக்கு உட்படும் காணியின் சொந்தக்காரர் போன்றோருக்கே இப்போது அது திறந்திருக்கிறது. நீதிமன்றம் போகலாம்தான், ஆனால் சட்டப் பிழை நடந்ததென்று காட்ட வேண்டும், செலவும் தாங்காது.

கட்டட அமைப்பை விரிவாகப் பார்க்கும் தள வரைபட அனுமதியும் 2022 ஜூலையிலிருந்து மாகாணம் முழுவதும் அலுவலர்களின் கையில். கவுன்சிலர்கள் அதில் வாக்களிப்பதில்லை, பொதுக் கூட்டமும் கட்டாயம் இல்லை. வாசல் எந்தப் பக்கம், சுவர் எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அந்தக் கட்டத்தில்தான் வரும். ஆகவே அவற்றைப் பற்றிய உங்கள் கோரிக்கை, அதற்கு முந்திய வலய மாற்றக் கூட்டத்திலேயே நிபந்தனையாகப் பதிவாக வேண்டும். உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கும் திட்ட அலுவலருக்கும் ஒரே கடிதத்தைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்புங்கள். கூட்டம் முடிந்து வரும் கடிதத்தைப் பெற்றுக்கொண்டோம் என்று பதில் போடுவார்கள், அதற்குமேல் செய்ய அவர்களுக்கும் ஒன்றும் இருக்காது.